பிரசங்க பீடம் ஏறாத பிரசங்கியார் மகள்



எழுப்புதல் வீரர்கள் என்றாலே ஸ்பர்ஜன், மூடி, ஜான் வெஸ்லி என்று பிரசங்கிமார் பெயர்தான் நமக்கு ஞாபகம் வரும். இந்த முறை நான் எழுதப்போவது ஒரு நாவல் எழுதின அம்மாவைப் பற்றி. விசுவாசிகளுக்கு நாவல் எதற்கு என்று சிலர் கேட்பீங்க. நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுமையாய் வாசித்துப் பாருங்க.

அவர்கள் பெயர் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லிட்ச்ஃபீல்டு என்ற ஊரில் 1811-ம் வருடம் ஜூன் 14-ம் தேதி பிறந்தார்கள். தகப்பனார் லைமன் பீச்சர், அந்த நாட்களில் பேர்பெற்ற பிரசங்கியார். ஹேரியட்டுக்கு ஐந்து வயசு ஆகும்போதே தாயார் ரொக்ஸானா காசநோயினால் மரித்துப்போனார். தாயில்லாப் பிள்ளையாக, ஜெபமும் வேதவசனமும் விவாதமும் நிறைந்த ஒரு பெரிய வீட்டில் ஹேரியட் வளர்ந்தார்கள்.

அந்த வீட்டில் வளர்ந்து ஆளான ஆண்பிள்ளைகள் ஏழு பேர். ஏழு பேரும் போதகர்கள் ஆனார்கள்! அதில் ஹென்றி வார்டு பீச்சர் நியூயார்க் பக்கத்திலுள்ள புரூக்ளினில் ஆயிரக்கணக்கான ஜனங்களுக்குப் பிரசங்கம் பண்ணினார். பெண்பிள்ளைகளுக்கோ அந்தக் காலத்தில் பிரசங்க பீடம் கிடையாது. ஆனாலும் இன்றைக்கு உலகம் அதிகமாய் நினைவில் வைத்திருப்பது யாருடைய பெயரை? பீடத்தில் ஏறின ஏழு பேருடைய பெயரை அல்ல, வீட்டில் இருந்த இந்தச் சகோதரியின் பெயரைத்தான். தேவன் யாரைத் தெரிந்துகொள்ளுகிறார் என்பது நம்ம கணக்குக்கு அடங்காது பாருங்க.

பதினான்கு வயதளவில், தகப்பனார் செய்த ஒரு பிரசங்கத்தைக் கேட்டு ஹேரியட் தன்னை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார்கள். மூத்த சகோதரி கேதரின் ஹார்ட்ஃபோர்டில் பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்தார். அதிலே படித்து, பிறகு அதிலேயே ஆசிரியையாகவும் வேலை செய்தார்கள். பெண்களுக்குத் தையலும் பாட்டும் போதும் என்று நினைத்த காலத்தில், அங்கே ஆண்பிள்ளைகளுக்குச் சமமான பாடங்கள் நடந்தன.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

1832-ல் குடும்பம் மேற்கே ஒஹையோ மாநிலத்திலுள்ள சின்சினாட்டிக்குக் குடிபோனது. அங்கே லேன் என்கிற வேதாகமக் கல்லூரிக்குத் தகப்பனார் தலைவரானார். சின்சினாட்டி ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கிற பட்டணம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அடிமைத்தனம் கிடையாது. அந்தப் பக்கம் கென்டக்கி. அங்கே மனுஷரை மாடு விற்கிறதுபோல விற்பார்கள், வாங்குவார்கள். ஒரே தேசம், ஒரே வேதப்புத்தகம், நடுவிலே ஒரு ஆறு!

1834-ல் லேன் கல்லூரி மாணவர்கள் அடிமைத்தனம் பாவமா இல்லையா என்று பதினெட்டு இரவுகள் கூடி விவாதித்தார்கள். முடிவிலே பாவம்தான் என்று தீர்மானித்தார்கள். தீர்மானத்தோடு நிற்காமல், பட்டணத்திலிருந்த கறுப்பின ஜனங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தவும் போனார்கள். கல்லூரி நிர்வாகத்தார் பயந்துபோய் அந்தப் பேச்சையே தடைசெய்தார்கள். பெரும்பாலான மாணவர்கள் கல்லூரியை விட்டே வெளியேறிவிட்டார்கள். நானும் ஒரு வேதாகமக் கல்லூரியில் படித்தவன். ஊழியத்துக்கு என்று வந்த வாலிபர்கள் மனசாட்சிக்காக வகுப்பறையை விட்டுப்போவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். அந்த வளாகத்திலேயே குடியிருந்த ஹேரியட் இதையெல்லாம் கண்ணாரக் கண்டார்கள்.

அதே கல்லூரியில் வேதபாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் கால்வின் ஸ்டோவ். அவருடைய முதல் மனைவி ஹேரியட்டின் நெருங்கின தோழி. அந்தத் தோழி மரித்தபின், 1836 ஜனவரியில் கால்வினும் ஹேரியட்டும் விவாகம் செய்துகொண்டார்கள். ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள். பேராசிரியர் பெரிய படிப்பாளி, சம்பளமோ சின்னது. குடும்பச் செலவைச் சரிக்கட்ட ஹேரியட் பத்திரிகைகளுக்குக் கதையும் கட்டுரையும் எழுதினார்கள். குழந்தை ஒரு கையில், பேனா ஒரு கையில் என்றுதான் அந்த வருஷங்கள் போயின.

அவர்கள் வீட்டு வேலைக்கு வந்த ஒரு பெண்ணைப் பழைய எஜமான் தேடிக்கொண்டு வருகிறான் என்று கேள்விப்பட்டதும், கணவரும் சகோதரரும் ராத்திரியோடு ராத்திரியாக அவளை வண்டியில் ஏற்றிப் பத்திரமான ஒரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆற்றோரத்தில் ரிப்ளே என்ற ஊரிலிருந்த ஜான் ராங்கின் என்ற போதகரின் வீடு, ஓடிவருகிற அடிமைகளுக்கு அடைக்கல வீடாய் இருந்தது. உருகத் தொடங்கின பனிக்கட்டிமேல் கால்வைத்து, கையில் குழந்தையோடு ஆற்றைக் கடந்துவந்த ஒரு தாயைப் பற்றி அந்தப் போதகர் சொன்னது ஹேரியட்டின் நெஞ்சை விட்டு நீங்கவே இல்லை.

ஒரு குழந்தையின் கல்லறை

1849-ல் சின்சினாட்டியில் காலரா கொள்ளைநோய் வந்தது. தெருத்தெருவாய்ச் சாவு. ஜூலை மாதத்தில் ஹேரியட்டின் கடைக்குட்டி சாமுவேல் சார்லஸ், ஒன்றரை வயசுக் குழந்தை, நோயில் விழுந்து மரித்தது. கணவர் அப்போது ஊரில் இல்லை. தாயானவள் தனியாய் உட்கார்ந்து குழந்தை துடிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் செய்ய முடியவில்லை.

தேவ ஜனமே, துக்கம் எல்லார் வீட்டுக்கும் வருகிறது. சிலரை அது கசப்பாக்கிவிடும், சிலரை உள்ளுக்குள்ளேயே சுருங்க வைத்துவிடும். இந்த அம்மா பிற்பாடு சொன்னது என்னவென்றால், தன் பிள்ளையின் மரணப் படுக்கையிலும் கல்லறையிலும்தான், பிள்ளையைப் பிடுங்கி விற்றுவிடும்போது ஒரு அடிமைத் தாய்க்கு எப்படி இருக்கும் என்பதைக் கற்றுக்கொண்டாராம். தன் கண்ணீரில் அவர்கள் அடுத்தவளுடைய கண்ணீரைக் கண்டுகொண்டார்கள்.

1850-ல் கணவருக்கு வடகிழக்கே மெயின் மாநிலத்தில், பிரன்ஸ்விக் ஊரிலிருந்த பௌடன் கல்லூரியில் வேலை கிடைத்தது. அந்த வருஷம் செப்டம்பரில் அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு கொடிய சட்டம் போட்டது. தப்பி ஓடிய அடிமையை எந்த மாநிலத்தில் கண்டாலும் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அவனுக்கு ஒருவாய் சோறு போட்டு ஒளித்துவைத்தால் ஆயிரம் டாலர் அபராதம், ஆறு மாதம் சிறை. பிடிபட்டவன் தன் பக்கத்தில் சாட்சி சொல்லவும் கூடாது. விசாரிக்கிற அதிகாரிக்கு, அவனை விடுதலை பண்ணினால் ஐந்து டாலர் கட்டணம், அடிமை என்று தீர்ப்புச் சொன்னால் பத்து டாலர்! நியாயத்துக்கு ஒரு விலை, அநியாயத்துக்கு இரட்டை விலை. ஓடிவந்த அடிமையை எஜமானிடம் ஒப்புக்கொடுக்கக் கூடாது என்று உபாகமம் 23-ம் அதிகாரம் சொல்லுகிறதை, வேதம் வாசிக்கிற ஒரு தேசம் மறந்துபோனது.

அப்போது அண்ணன் எட்வர்டின் மனைவி இஸபெல்லா ஒரு கடிதம் போட்டார். உன்னைப்போல எனக்கு எழுத வந்தால், அடிமைத்தனம் எப்படிப்பட்ட சாபம் என்று இந்தத் தேசம் முழுவதும் உணரும்படி எழுதுவேன் என்பதுதான் அதன் சாரம். பிள்ளைகள் நடுவே கடிதத்தை வாசித்த ஹேரியட், உயிரோடிருந்தால் எழுதுவேன் என்று தீர்மானம் பண்ணினார்கள்.

திருவிருந்தில் வந்த தரிசனம்

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு இந்த வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி. 1851-ன் ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரன்ஸ்விக் ஆலயத்தில் திருவிருந்து ஆராதனை. அப்பமும் ரசமும் பரிமாறப்படுகிற அந்த நேரத்தில், ஒரு வயதான அடிமை சவுக்கால் அடிக்கப்பட்டுச் சாகிற காட்சி ஹேரியட்டின் கண்முன்னே படம்போல வந்து நின்றது. சத்தமாய் அழுதுவிடாமல் அடக்கிக்கொள்வதே பெரும்பாடாகிவிட்டதாம். வீட்டுக்கு வந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு அதை எழுதினார்கள். பிள்ளைகளைக் கூட்டி வாசித்துக் காட்டினபோது சின்னப் பையன்கள் விம்மி விம்மி அழுதார்கள். ஒரு நாவலின் முடிவுக் காட்சிதான் முதலில் பிறந்தது. ஆரம்பத்தைப் பிறகுதான் எழுதினார்கள்.

கிறிஸ்துவின் சரீரம் பிட்கப்பட்டதை நினைக்கிற பந்தியிலே, ஒரு அடிமையின் சரீரம் கிழிக்கப்படுவது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அந்த ஆலயத்தில் எத்தனையோ பேர் அதே அப்பத்தை வாங்கிப் புசித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. ஒருத்தருக்கு மட்டும் அது பாரமாய் மாறிற்று.

1851 ஜூன் 5 முதல் வாஷிங்டனிலிருந்து வந்த நேஷனல் எரா என்ற வாரப்பத்திரிகையில் கதை வெளிவந்தது. மூன்று நான்கு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தது, பத்து மாதம் நீண்டது. 1852 மார்ச் 20-ல் பாஸ்டனில் புத்தகமாய் வந்தது. பெயர், டாம் மாமாவின் குடிசை. முதல் நாளிலேயே மூவாயிரம் பிரதிகள். முதல் வருஷத்தில் அமெரிக்காவில் மட்டும் மூன்று லட்சம் பிரதிகள். இங்கிலாந்தில் பத்து லட்சத்துக்கும் மேலே. சர்வதேச காப்புரிமை அன்றைக்கு இல்லாததால், அங்கே விற்றதில் பெரும்பகுதிக்கு அவர்களுக்குக் காசு வரவில்லை. நாடகமாய்ப் போட்டவர்களும் ஒன்றும் தரவில்லை.

கதை என்ன? கென்டக்கியில் ஷெல்பி என்ற ஒரு நல்ல எஜமான், கடன் தொல்லையால் டாம் என்ற விசுவாசியான அடிமையையும் எலைசா என்ற அடிமைப் பெண்ணின் சின்ன மகனையும் விற்கிறான். எலைசா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பனிக்கட்டி ஆற்றைத் தாண்டி ஓடுகிறாள். தான் ஓடிவிட்டால் மற்ற அடிமைகள் எல்லாரையும் விற்றுவிடுவார்களே என்று டாம் ஓடாமல் நிற்கிறான். கடைசியில் சைமன் லெக்ரீ என்ற கொடியவன் கையில் விழுகிறான். ஒளிந்திருக்கிற இரண்டு பெண்களைக் காட்டிக்கொடு என்று அடிக்கிறார்கள். டாம் வாய் திறக்கவில்லை. அடித்தவர்களை மன்னித்து ஜீவனை விடுகிறான். அவனை அடித்த இரண்டு அடிமைக் கங்காணிகள் அவன் காலடியில் மனந்திரும்புகிறார்கள்.

பிற்காலத்தில் நாடகக்காரர்கள் டாமை வெள்ளைக்காரனுக்குப் பல் இளிக்கிற கோமாளிக் கிழவனாக்கிவிட்டார்கள். அதனால் டாம் மாமா என்பதே கறுப்பின ஜனங்கள் நடுவில் ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. புத்தகத்திலுள்ள டாமோ இரண்டு பெண்களின் உயிருக்காகத் தன் உயிரைக் கொடுத்தவன்.

இன்னொரு பாத்திரத்தை நான் மறக்கவே மாட்டேன். ஒஃபீலியா என்கிற அம்மா. வடக்கே வெர்மான்ட்டிலிருந்து வந்த பக்தியுள்ள ஸ்திரீ. அடிமைத்தனம் பாவம் என்று கண்டித்துப் பேசுவார். ஆனால் டாப்ஸி என்ற கறுப்புச் சிறுமியை வளர்க்கும்படி கொடுத்தபோது, அவளைத் தொடுவதற்கே அருவருப்பு! வேதபாடம் சொல்லிக்கொடுத்தார், ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தார், பிள்ளை திருந்தவே இல்லை. ஈவா என்ற சிறுமி பக்கத்தில் உட்கார்ந்து அன்பாய்த் தொட்டுப் பேசினபோதுதான் டாப்ஸியின் மனசு உடைந்தது. தொட மனசில்லாத கை எத்தனை வசனம் நீட்டினாலும், பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். ஹேரியட் இதைத் தெற்கத்திக்காரருக்காக எழுதவில்லை. தன்னுடைய சொந்த ஜனத்துக்காக, தன்னுடைய சபையாருக்காக எழுதினார்கள். கொடியவன் லெக்ரீயையும் வடக்கே பிறந்தவனாகவே வைத்தார்கள். பாவத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட அவர்கள் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை.

புத்தகத்துக்காகச் சிறை

எதிர்ப்பு பலமாய் வந்தது. எல்லாம் பொய், கட்டுக்கதை என்று தெற்கே பத்திரிகைகள் எழுதின. உடனே 1853-ல் நீதிமன்றப் பதிவுகள், அடிமை விற்பனை விளம்பரங்கள், சாட்சிகள் எல்லாவற்றையும் தொகுத்து இன்னொரு புத்தகம் போட்டார்கள். மேரிலாந்தில் அடிமையாய் இருந்து, 1830-ல் மனைவி பிள்ளைகளோடு கனடாவுக்குத் தப்பிப்போய்ப் பிரசங்கியாரான ஜோசையா ஹென்சன் என்ற தேவமனிதரின் வாழ்க்கையையும் அதில் எடுத்துக்காட்டினார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது சபைகளிலிருந்து வந்த எதிர்ப்பு. அடிமைத்தனம் வேதத்துக்கு ஒத்தது என்று பிரசங்கம் பண்ணின போதகர்கள் அன்றைக்கு ஏராளம். பிலேமோன் நிருபத்தைக்கூட அதற்கு ஆதாரமாய்க் காட்டினார்கள். இந்த விஷயத்தில் மெதடிஸ்ட் சபை 1844-லும், பாப்டிஸ்ட் சபை 1845-லும் இரண்டாய்ப் பிரிந்தன. வசனத்தை எடுத்து மனுஷனுக்கு விலங்கு போட்ட காலம் அது!

அந்தப் புத்தகத்தை வைத்திருந்த குற்றத்துக்காக மேரிலாந்தில் ஒருவர் சிறைக்குப் போனார். அவர் பெயர் சாமுவேல் கிரீன். விடுதலை பெற்ற கறுப்பர், மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் பண்ணினவர். 1857-ல் அவர் வீட்டைச் சோதனை போட்டார்கள். அடிமைகளைத் தப்பவைக்கிறார் என்று சந்தேகம். அதை நிரூபிக்க முடியவில்லை. வீட்டில் டாம் மாமாவின் குடிசை கிடைத்தது. பத்து வருஷம் தண்டனை! ஐந்து வருஷம் கழித்து, 1862-ல், மாநிலத்தை விட்டுப் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். ஹேரியட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இவரைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எழுதினவர்களுக்குப் புகழ் வந்தது. வாசித்தவருக்கு விலங்கு வந்தது.

1853-ல் ஹேரியட் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் போனபோது, அடிமைத்தனம் ஒழிய வேண்டும் என்று ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கையெழுத்திட்ட விண்ணப்பம் இருபத்தாறு பாகங்களாய்க் கட்டப்பட்டு அவர்களிடம் கொடுக்கப்பட்டது. பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத காலம்! புத்தகத்தில் வந்த பணத்தில், மீட்கப்பட்ட அடிமைப் பெண்பிள்ளைகளான எட்மண்ட்சன் சகோதரிகளை ஓபர்லின் கல்லூரியில் படிக்கவைத்தார்கள்.

1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஏறக்குறைய நாற்பது லட்சம் அடிமைகள் இருந்தார்கள். அடுத்த வருஷம் உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1862 கடைசியில் ஹேரியட் வாஷிங்டனுக்குப் போய் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனைச் சந்தித்தார்கள். இந்தப் பெரிய யுத்தத்துக்குக் காரணமான சின்ன அம்மா இவர்தானா என்ற அர்த்தத்தில் லிங்கன் கேட்டதாக ஒரு கதை உண்டு. நம்ம பிரசங்கங்களிலும் சொல்லுவாங்க. ஆனால் அன்றைக்கு எழுதிவைத்த ஆதாரம் அதற்கு இல்லை. பல வருஷம் கழித்துத்தான் அது அச்சில் வந்தது. சத்தியத்துக்காக நின்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது சத்தியத்தையே சொல்லுவோம்.

1863 ஜனவரி 1-ல் விடுதலைப் பிரகடனம் வந்தது. பாஸ்டனில் ஒரு பெரிய மண்டபத்தில் ஜனங்கள் அந்தச் செய்திக்குக் காத்திருந்தார்கள். செய்தி வந்ததும் ஹேரியட் அங்கே இருக்கிறார் என்று தெரிந்து கூட்டமே அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. மேல்மாடியில் எழுந்து நின்று, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தலைவணங்கினார்கள். 1865 டிசம்பரில் அரசியல் சட்டத் திருத்தத்தால் அடிமைத்தனம் தேசம் முழுவதும் ஒழிந்தது. கர்த்தருக்கே மகிமை!

புகழின் நடுவே பெருமூச்சு

புகழ் வந்தது, பாடும் குறையவில்லை. 1857-ல் மூத்த மகன் ஹென்றி, பத்தொன்பது வயசு, கல்லூரியில் படிக்கும்போது ஆற்றில் மூழ்கி மரித்தான். அவன் இரட்சிக்கப்பட்டானோ இல்லையோ என்ற வேதனை தாயை வாட்டியது. மற்றொரு மகன் பிரெடரிக் 1863-ல் கெட்டிஸ்பர்க் யுத்தத்தில் தலையில் காயப்பட்டான். குடிப்பழக்கம் அவனை விடவில்லை. மகன் சுகப்படுவான் என்று ஃப்ளோரிடாவில் ஒரு தோட்டத்தை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு அவன் கலிபோர்னியாவுக்குப் போனான். 1870-களின் ஆரம்பத்தில் அங்கே காணாமலே போய்விட்டான். உலகம் அறிந்த தாய், மகன் இருக்கிறானா மரித்தானா என்று தெரியாமலே காலத்தைக் கழித்தார்கள். வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார் நம்ம சபைகளிலும் உண்டு. அவர்களுக்கு இது புரியும்.

அந்த வேதனையிலும் எழுத்தை விடவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார்கள். ஹென்றியின் மரணத்துக்குப் பிறகு எழுதி 1859-ல் வெளிவந்த நாவலில், தகப்பனார் காலத்துக் கடினமான உபதேசத்தோடு போராடி, கிருபையைத் தேடுகிற ஒரு தாயின் மனசைக் காணலாம்.

அவர்கள் குறையில்லாதவர்கள் அல்ல. கறுப்பின ஜனங்களைப் பற்றி அந்தக் காலத்து வெள்ளையர் கருத்துகள் சில அவர்கள் எழுத்திலும் இருக்கின்றன. கதையின் முடிவில் விடுதலையானவர்களை ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியாவுக்கு அனுப்பினதைக் கறுப்பினத் தலைவர்களே அப்போது கண்டித்தார்கள். நாங்கள் பிறந்த தேசம் இதுதானே, எங்கே போவோம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தேவன் மண்பாண்டங்களைத்தான் பயன்படுத்துகிறார். பாண்டத்தில் கீறல் இல்லை என்று நாம் சாதிக்க வேண்டியதில்லை.

1886-ல் கணவர் மரித்தார். கடைசி வருஷங்களில் ஹேரியட்டின் ஞாபகசக்தி போய்விட்டது. ஹார்ட்ஃபோர்டில் பக்கத்து வீடுகளுக்குள் குழந்தைபோல நடந்துபோவார்களாம். 1896 ஜூலை 1-ல், 85-வது வயதில் இளைப்பாறினார்கள். மாசசூசெட்ஸில் ஆண்டோவர் என்ற ஊரில், கணவரும் மகன் ஹென்றியும் அடக்கம்பண்ணப்பட்ட இடத்திலேயே அவர்களையும் அடக்கம் செய்தார்கள்.

பிரியமானவர்களே, எனக்குப் படிப்பில்லை, பிரசங்கம் பண்ணத் தெரியாது, பிள்ளைகளையும் அடுப்பையும் பார்க்கவே நேரம் சரியாய் இருக்கிறது என்று சொல்லுகிற சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதினேன். எல்லாருக்கும் நாவல் எழுத வராது. ஆனால் நம்ம வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் எந்தத் தம்ளரில் தண்ணீர் குடிக்கிறாள் என்று பார்க்க எல்லாருக்கும் கண் உண்டு. அடுத்த திருவிருந்தில் அப்பத்தைக் கையில் வாங்கும்போது, யாருடைய முகம் நம் கண்முன்னே வருகிறது? அந்த முகத்தை விட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்ளாதபடி கர்த்தர்தாமே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.